எதுக்கு அண்ணனுக்கு வைத்த பரீட்சை

எங்கள் நூலகத்தின் விசாரணை மேசையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் மனிதரை அவருடைய அப்பா வைத்த பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. வாசகர்களுக்கும் எங்களுக்கும் அவர் எதுக்கு அண்ணன். காரணம் ரொம்பச் சின்னது. யார் வந்து எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழும் வார்த்தை அதுதான்.

"பூச்சிமருந்து பத்தி ஒரு புத்தகம் வேணும் சார்."

"எதுக்கு?"

சந்தேகம் அவருக்குக் குடும்பச் சொத்து. அப்பா பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். முப்பது வருடம் டிக்கெட் எடுக்காதவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்தவராம். மகன் வீட்டில் பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பார், அடுப்பில் வைக்கும்போது மறுபடி முகர்வார். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். "கல்யாணத்தன்னைக்குத் தாலி கட்டுறதுக்கு முன்னாடியும் என்னை எதுக்குன்னு கேட்டிருப்பாரு, கூட்டம் இருந்ததால விட்டுட்டாரு" என்று அண்ணி என்னிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். தையல் கடை வைத்திருப்பவர். அவர் மட்டும்தான் அண்ணனை மடக்கத் தெரிந்த ஆள்.

நான் நூல்பட்டியல் பிரிவு. வந்த புத்தகத்துக்கு எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டி, கணினியில் ஏற்றுவது என் வேலை. என் மேசையும் அவர் மேசையும் கை நீட்டினால் தொடும் தூரம். பதினான்கு வருடமாக அவர் குடைவதைக் கேட்டே என் காது பழுத்துவிட்டது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த "எதுக்கு"வில் விஷயம் இருந்தது. பூச்சிமருந்து கேட்டவர் வீட்டில் எலித் தொல்லை. குடைந்து குடைந்து கேட்டதில் எலி வருவது சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள ஓட்டை வழியாக என்று தெரிந்தது. அண்ணன் மருந்துப் புத்தகத்தைக் கொடுக்காமல் வீட்டுப் பழுது பார்க்கும் புத்தகத்தில் சிமெண்ட் பூசும் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். சட்டப் புத்தகம் கேட்டு வந்த ஒரு பெண், "எதுக்கு?" என்றதும் உதடு துடித்து அங்கேயே அழுதுவிட்டாள். கணவன் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டான். புத்தகத்தைப் படித்து அவள் என்ன செய்ய? அண்ணன் இலவசச் சட்ட உதவி மையத்தின் முகவரியை எழுதிக் கொடுத்து, எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம் என்பது வரை சொல்லி அனுப்பினார்.

அதே வாயால்தான் வினையும் வந்தது. மண்டபம் நிறைய ஆள் இருந்த ஒரு சனிக்கிழமை, கல்யாணமாகாத ஒரு பெண் கர்ப்பகாலம் பற்றிய புத்தகத்தைத் தணிந்த குரலில் கேட்டாள். இவர் வழக்கம்போல உரக்க "எதுக்கு?" என்றார். நாலு தலைகள் திரும்பின. அந்தப் பெண் முகம் சிவந்து வெளியே போனவள்தான். மறுநாள் புகார் வந்தது. அது மூன்றாவது புகார். எனக்கே அன்று முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உங்களுக்கு என்னண்ணே வந்துச்சு, அந்தப் பொண்ணு எதுக்குக் கேட்டா என்ன?" என்று சண்டை போட்டேன். அவர் அன்று மதியம் சாப்பிடாமலே இருந்தார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. நூலக, தகவல் பணியாளர்களுக்கான தொழில் மேம்பாட்டுப் பயிற்சி, நான்கு நாள். அவர் பெயரும் என் பெயரும் இருந்தன. அண்ணன் அதை ஏழு முறை படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காகிதத்துக்குள்ளேயும் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷத்துல அனுப்பாதவங்க இப்ப எதுக்கு அனுப்புறாங்க?"

"எல்லாரையும்தான் அனுப்புறாங்க. நானும்தானே வர்றேன்."

"உன்னைப் பேருக்குச் சேத்திருக்காங்க தங்கச்சி. குறி எனக்கு."

அவர் பயந்தது கிடங்கைப் பார்த்துத்தான். எங்கள் கட்டிடத்துக்குக் கீழே பழைய செய்தித்தாள் கட்டுகளும் கிழிந்த புத்தகங்களும் வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. ஒரு குழல்விளக்கு, ஒரு நாற்காலி, ஜன்னல் கிடையாது. வாசகர் யாரும் அங்கே இறங்க மாட்டார்கள். மேலே ஆகாதவர்களைக் கீழே போடுவது எங்கள் அலுவலகத்தின் பழைய வழக்கம். அண்ணனுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. "மூணு வருஷம் நான் அங்க யார்கிட்டப் பேசுறது, எலிகிட்டயா?" என்றார். விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொன்னாலும் குரல் விளையாட்டாக இல்லை. மனிதர்களிடம் பேச முடியாவிட்டால் அவர் உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்று அவரைத் தெரிந்த எவரும் சொல்வார்கள்.

பயிற்சி ஒரு கல்லூரியின் குளிரூட்டப்பட்ட கூடத்தில் நடந்தது. பயிற்சியாளர் முப்பது வயதுக்காரர். பேசுவதெல்லாம் திரையில் ஓடியதால் முதல் நாளே அவருக்கு ஸ்லைடு என்று பெயர் வைத்துவிட்டோம். ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொள்ள ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, பிடிப்பவர் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு எறிய வேண்டும் என்றார். பந்து அண்ணனிடம் வந்தது. அவர் அதைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். கூடமே சிரித்தது. ஸ்லைடு மட்டும் சிரிக்காமல் ஏதோ குறித்துக்கொண்டார். அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா, எழுதுறான்" என்றார்.

இரண்டாம் நாள் திரையில் பத்து விதிகள் வந்தன. வாசகரைக் கண்டதும் புன்னகை செய்ய வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. "எந்த மாதிரித் தகவல் தேடுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. படிவத்தை அவருக்காக நாம் நிரப்பக் கூடாது, அது அவருடைய சொந்த விவரம். அலமாரியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், பின்னாலேயே போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. கடைசியில் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" இப்படிப் பத்து. எனக்கு அவை சரியாகத்தான் பட்டன. அந்தச் சனிக்கிழமைப் பெண்ணை நினைத்துப் பார்த்தால் அதில் ஒன்றையும் தப்புச் சொல்ல முடியாது. பிறகு இரண்டிரண்டு பேராக வாசகராகவும் நூலகராகவும் நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஸ்லைடே வாசகராக வந்து, "சின்னக் குழந்தைங்க புத்தகம் ஒண்ணு வேணும்" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார், "எ" என்று ஆரம்பித்தார், உதட்டைக் கடித்தார், கூடம் மறுபடி சிரித்தது.

கடைசி நாள் குண்டு விழுந்தது. "ஒரு மாசத்துக்குள்ள உங்க நூலகத்துலேயே உங்களுக்கு மதிப்பீடு நடக்கும். யார் செய்யறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. பத்துக்கு ஏழுக்குக் கீழே எடுக்கறவங்க விசாரணை மேசையில இருக்க முடியாது" என்றார் ஸ்லைடு. திரும்பும்போது பேருந்தில் அண்ணன் ஒரே புலம்பல். "வாசகன் மாதிரி வேஷம் போட்டு ஒருத்தனை அனுப்பப் போறாங்க. அதான் பந்தை எறியும்போதே மூஞ்சியை மனப்பாடம் பண்ணிக்கிட்டான்."

மறுநாள் காலை தலைமை நூலகர் அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே பத்துத் தாள். ஒவ்வொன்றிலும் விதிக்கு ஒன்றாகப் பத்துக் கட்டம்.

"வெளியாளை அனுப்ப அவங்ககிட்ட ஆள் இல்லையாம். நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க. பத்து வாசகர்கிட்ட அவர் எப்படி நடந்துக்கறார்னு பாத்து டிக் போட்டுக் குடுங்க. அவருக்குத் தெரியக் கூடாது."

"மேடம், நான் எப்படி மேடம்..."

"நீங்க இல்லைன்னா வேற யாரையாவது உட்கார வைக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். வேறு யாராவது என்றால் செய்தித்தாள் பிரிவுக்காரர். அவருக்கும் அண்ணனுக்கும் ஏழாம் பொருத்தம். நான் போட்டால் அவரைக் காப்பாற்றலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதி, அம்மாவிடம் முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உறையை என் மேசை இழுப்பறையில், ஒட்டும் சீட்டுகளுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் முழுக்க அண்ணன் கண்கொத்திப் பாம்பாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் செருப்பு போட்டு வந்தவன் பரீட்சைக்காரன். காலிப் பையோடு வந்தவள் பரீட்சைக்காரி. எதையாவது தெளிவாகக் கேட்டால் போச்சு. "நிஜ வாசகன் இவ்வளவு தெளிவா கேக்க மாட்டான் தங்கச்சி, 'அந்தப் பச்சை அட்டைப் புத்தகம்'னுதான் கேப்பான்." மின்விசிறியைப் பழுது பார்க்க ஏணியோடு வந்தவரிடம் பல்லைக் காட்டிச் சிரித்து, "எந்த மாதிரித் தகவல் தேடுறீங்க சார்?" என்று கேட்டார். அவர் மிரண்டுபோய், "ஃபேன் சுத்தலைன்னு சொன்னாங்க" என்றார். ஆறு வருடமாகத் தினமும் வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருநாள் மீசையை எடுத்துவிட்டு வந்தார். அண்ணன் அவரையும் விடவில்லை. என்னிடம் மட்டும்தான் ரகசியமாகப் பேசுவார். "நீ ஒரு கண்ணு வச்சுக்க தங்கச்சி. உனக்கு யார் மேலயாவது சந்தேகம் வந்தா ஒரு சீட்டுல எழுதிக் குடு." சரிண்ணே என்று தலையாட்டுவேன். கீழே இழுப்பறையில் தாள்கள் இருக்கும். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பது தாள் முடிந்தது. எட்டு, ஒன்பது, எட்டு என்று போய்க்கொண்டிருந்தது. நான் மார்க்கைக் கூட்டிப் போட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவர் கேள்வியே கேட்காத மனிதராகிவிட்டார். வாசகர்கள் வந்த வேகத்தில் போனார்கள். மண்டபம் அமைதியாக இருந்தது. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

பத்தாவது ஆள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் புதுப் பேனா. உள்ளே வருவதற்கு முன்னால் வாசல் பலகை முன் கொஞ்ச நேரம் நின்றார். மேசைக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சின்னப் பிள்ளைங்க முதல் முதல்ல படிக்கிற புத்தகம் இருக்குங்களா? எழுத்து பெருசா இருக்கணும்."

அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். பயிற்சியில் ஸ்லைடு கேட்ட அதே கேள்வி. என் பக்கம் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினார். "ஆள் வந்தாச்சு" என்று எழுதியிருந்தது. நான் பத்தாவது தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வணக்கம் சார். எந்த மாதிரித் தகவல் தேடுறீங்க?"

"தகவல்னு இல்லைங்க... எழுத்துதான். ஆரம்பத்துலேருந்து."

"குழந்தைகள் பிரிவு இடது பக்கம் சார். ரெண்டாவது அலமாரி. மேல பலகையில எழுதியிருக்கும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் புன்னகை மாறாமல் இருந்தார். அவர் நகர்ந்தார். முதல் அலமாரி முன் நின்றார், மூன்றாவதுக்குப் போனார், திரும்பி வந்தார். ஒரு புத்தகத்தை எடுப்பார், விரித்துப் பார்ப்பார், எடுத்த இடத்திலேயே வைப்பார். கடைசியில் ஒன்றைக் கொண்டுவந்தார். சிறுவர்களுக்கான குறுக்கெழுத்துப் புதிர்ப் புத்தகம்.

"இதுல எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா, தனித்தனியா இருக்கு. இதுதானுங்களா அது?"

அண்ணனுக்கு அது பரீட்சையின் நடுப்பகுதி. கருத்துச் சொல்லக் கூடாது. "உங்க விருப்பம் எதுவோ அதுதான் சார்" என்றார்.

"இல்லைங்க, சரியானதுதானான்னு..."

"வாசகர் விருப்பம்தான் சார் முக்கியம். உறுப்பினர் ஆகணும்னா இந்தப் படிவத்தை மட்டும் நிரப்பிக் குடுங்க."

அவர் படிவத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கண்ணாடி கொண்டு வரலைங்க. நீங்களே..."

"பரவாயில்லை சார். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா நிரப்பி நாளைக்குக் கொண்டு வாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றார். புத்தகத்தை இரண்டு கையாலும் மேசை மேல் வைத்தார். படிவத்தை நாலாக மடித்துப் பேனாவுக்குப் பின்னால் செருகிக்கொண்டு போனார். அண்ணன் பெருமூச்சு விட்டுச் சட்டைக் காலரை உதறினார். "எப்படி?" என்றார் என்னைப் பார்த்து. "பிரமாதம்ணே" என்றேன்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. சராசரி எட்டரை. அம்மா எல்லோருக்கும் முன்னால் கை கொடுத்தார். விசாரணை மேசை அண்ணனுக்கே என்று எழுத்தில் வந்தது. அண்ணி கேள்விப்பட்டு, ஓரம் தைத்த ஒரு மேசைவிரிப்பைக் கொடுத்து அனுப்பினார். அண்ணன் அதை விரித்து, சுருக்கம் நீவி, மறுபடி நீவிக்கொண்டே இருந்தார். கிடங்குப் பயம் தீர்ந்தது என்று எனக்கும் மனசு லேசாயிற்று. இனி அந்த உறையைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் ஒரு பெண் வந்தார். சேலைத் தலைப்பில் மரத்தூள் ஒட்டியிருந்தது. நாலாக மடித்த படிவத்தை மேசையில் வைத்தார். விரித்தால் வெறுமையாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் இதைத் திருப்பிக் குடுத்துடச் சொன்னாருங்க. அரசாங்கத்துப் பேப்பர், வீட்டுல வச்சுக்கக் கூடாதுன்னு."

"நிரப்பலையாம்மா?" என்றார் அண்ணன். தேர்வு முடிந்துவிட்டதால் குரலில் பழைய அண்ணன் கொஞ்சம் திரும்பியிருந்தார். "எதுக்கு நிரப்பலை?"

அந்தப் பெண் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார். மரக் கிடங்கில் கணவருக்குச் சுமை தூக்கும் வேலை. முதுகு போய்விட்டது. முதலாளி வாசல் பொறுப்பில் உட்காரச் சொன்னார், வண்டியில் வரும் சீட்டைப் படித்து உள்ளே விட வேண்டும். அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு மாதத்துக்குள் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"மகளுக்குத் தெரியக் கூடாதுன்னு ரெண்டு வாரம் இந்த வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பியிருக்காரு. அன்னைக்குத்தான் புதுச் சட்டை போட்டு, பேனா ஒண்ணு வாங்கிச் சொருகிக்கிட்டு உள்ளே வந்தாரு. வீட்டுக்கு வந்து பேசவே இல்லை. அங்க என்னைப் பரீட்சை வைக்கிற மாதிரியே பாத்தாங்க, நான் தோத்துட்டேன்னாரு."

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "அவரை வரச் சொல்லுங்கம்மா. நாளைக்கே வரச் சொல்லுங்க. நானே வர்றேன், வீடு எங்கன்னு சொல்லுங்க."

"வேணாங்க. வாசல் வேலையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இவரு மறுபடி சுமைக்குப் போயிட்டாரு. நீங்க வந்து நின்னா மகளுக்குத் தெரிஞ்சுடும்." கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் உட்கார்ந்தார். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அந்த ஆள் பரீட்சைக்காரன் இல்லை" என்றார். "அப்ப யாருதான் தங்கச்சி வந்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட விதத்தில் முடியவில்லை. "யாரும் வரலைண்ணே. நான்தான்" என்றேன். உறை, இழுப்பறை, அம்மாவின் அறை, எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மாதம் முழுக்க ஊரையே சந்தேகப்பட்டவர், பக்கத்தில் இருந்த என்னை மட்டும் நம்பியவர். கத்தினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"அந்த ஆளுக்கு எனக்கு எத்தனை போட்ட?"

"பத்துக்குப் பத்து."

அவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நான் அவனை வேஷக்காரன்னு நினைச்சுட்டேன் தங்கச்சி. உனக்குத் தெரியுமே, அவன் நிஜம்னு. நீயாவது எந்திரிச்சுப் போய் ஒரு புத்தகத்தை எடுத்துக் குடுத்திருக்கலாமே?"

அந்த மனிதர் அலமாரிகளுக்கு முன்னால் முன்னும் பின்னுமாக நடந்த அந்த ஏழெட்டு நிமிடமும் நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மடியில் தாள் இருந்தது. "வாசகரைத் தொந்தரவு செய்யவில்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.